வானத்துக்கும் வேண்டும் அனுமதிப் பத்திரம்

ட்ரோன் என்றால் நமதூரில் உடனே ஞாபகத்துக்கு வருவது கல்யாண வீடுதான். மாப்பிள்ளை வாகனத்தை விட்டு இறங்கும்போது தலைக்கு மேலே தேனீக் கூட்டம் மாதிரி இரைந்துகொண்டு நிற்கும் அந்தச் சாமானைச் சின்னப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கை காட்டுவார்கள். கொஞ்சம் வயது போனவர்களுக்கு வேறொரு ஞாபகம் வரும். யுத்த காலத்தில் மேலே சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை வன்னி மக்கள் ‘வண்டு’ என்றுதான் சொன்னார்கள். வண்டு சுற்றினால் பின்னால் என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்போது அதே வகைச் சாமான் பெட்டி சுமக்கிறது. நமது பிள்ளைகள் நிறையப் பேர் உழைக்கும் துபாயில், 2024 டிசம்பரில் கீட்டா என்ற நிறுவனத்துக்கு அங்குள்ள சிவில் விமான அதிகார சபை ட்ரோன் மூலம் பொருள் விநியோகிக்க முதலாவது அனுமதிப் பத்திரத்தை வழங்கியது. சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் அதே குழுமம் 2021 முதல் சாப்பாட்டுப் பொதிகளை வானத்தால் அனுப்பி வருகிறது. அமெரிக்காவில் வோல்மார்ட் கடைகளிலிருந்து பால், முட்டை, மருந்து எல்லாம் வீட்டு முற்றத்துக்குக் கயிற்றில் இறங்குகின்றன.

இதையெல்லாம் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு நமது வாலிபர்கள் கேட்பது ஒரே கேள்விதான். நமக்கு இது எப்போது வரும்? முந்திக்கொண்டு இறங்கினால் லாபம் உண்டா?

யோசிக்காமல் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். இந்த வியாபாரத்தில் மெஷின் இரண்டாவது பிரச்சினை. சட்டம்தான் முதலாவது. எந்த நாட்டில் விதியை ஒழுங்காக எழுதினார்களோ அங்கேதான் பெட்டி பறக்கிறது.

கண்ணுக்கெட்டிய தூரம்

அமேசன் நிறுவனத்தின் ஜெப் பெசோஸ் 2013 டிசம்பரில் தொலைக்காட்சியில் தோன்றி, நான்கைந்து வருடங்களில் ட்ரோன் வீட்டுக்குச் சாமான் கொண்டு வரும் என்றார். உலகத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அவர் கையில் இல்லாத காசா, எஞ்சினியரா? அப்படியிருந்தும் அமெரிக்காவில் அவருடைய சேவை வாடிக்கையாளரின் வீட்டு வாசலை எட்டியது 2022 இன் இறுதியில்தான். கலிபோர்னியாவில் லொக்போர்ட் என்ற சிறிய ஊரிலும் டெக்சாஸில் கொலேஜ் ஸ்டேஷனிலும் தொடங்கினார்கள். லொக்போர்ட் சேவையை 2024 இலேயே மூடிவிட்டார்கள்.

ஒன்பது வருடம் எங்கே போனது? மெஷினைத் திருத்துவதற்குப் பாதி என்றால், அனுமதிக்கு மீதிப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 2016 இல் வந்த விதியின்படி, ட்ரோனை ஓட்டுகிறவர் அதைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உலகத்தில் பெரும்பாலான நாடுகளின் முதலாவது விதியும் இதுதான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நமது வாவிக்கரையில் நின்று ஒரு சிறிய ட்ரோனை ஏவிப் பாருங்கள். சில நூறு மீற்றர் போனதும் புள்ளியாகிவிடும். அதன் பிறகு அது ட்ரோனா, பருந்தா என்று தெரியாது. அந்தத் தூரத்துக்குள் சாமான் கொடுப்பதென்றால் சைக்கிளில் ஒரு பொடியனை அனுப்பினால் போதுமே! ஆகவே ‘கண்ணுக்கெட்டாத தூரம் பறக்கலாம்’ என்ற அனுமதி கிடைக்கும் வரைக்கும் ட்ரோன் விநியோகம் விளையாட்டே தவிர வியாபாரமல்ல. இந்த இடத்தை வாசகர்கள் நன்றாக மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கர்கள் இதற்கு ஒரு சுற்று வழி கண்டுபிடித்தார்கள். பறக்கும் பெட்டிக் கொம்பனியை விமானக் கொம்பனியாகவே கருதி, அதற்குரிய சான்றிதழை எடுக்கச் சொன்னார்கள். கூகுள் குழுமத்தைச் சேர்ந்த விங் 2019 ஏப்ரலில் அதை முதலில் எடுத்தது. அதே வருடம் யூ.பி.எஸ். எடுத்தது. 2020 இல் அமேசன் எடுத்தது. ஒரு கொத்துரொட்டிப் பொதியை அடுத்த தெருவுக்கு அனுப்ப விமானக் கொம்பனிக்குரிய சான்றிதழ்! பெரிய முதலாளிகளுக்கு வக்கீல் இருக்கிறார், கணக்காளர் இருக்கிறார், வருடக் கணக்கில் காத்திருக்கக் காசும் இருக்கிறது. சிறிய வியாபாரிக்கு அந்த வாசல் திறந்திருந்தும் மூடியதுதான்.

இதை உணர்ந்துதான் அந்நாட்டு அரசு, கண்ணுக்கெட்டாத தூரப் பறப்புக்கென்று ஒரு பொது விதியின் வரைவை 2025 ஓகஸ்டில் வெளியிட்டது. 400 அடிக்குக் கீழே, 1,320 இறாத்தல் எடை வரையிலான ட்ரோன்கள் அதற்குள் அடங்கும். ஒவ்வொருவரும் தனித்தனியே விதிவிலக்குக் கேட்டு நிற்பதற்குப் பதிலாக, எல்லோருக்கும் ஒரே அளவுகோல். ஓட்டுநர் என்ற தனி மனிதனிடம் இருந்த பொறுப்பு நிறுவனத்தின் தோளுக்குப் போகிறது என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

ஐந்து மாதத்தில் மாறிய இந்தியச் சட்டம்

அடுத்த வீட்டுக் கதை நமக்கு இன்னும் கிட்ட. இந்தியா 2021 மார்ச்சில் ட்ரோன்களுக்கு ஒரு விதித் தொகுப்பைக் கொண்டு வந்தது. படிவத்துக்கு மேல் படிவம், அனுமதிக்கு மேல் அனுமதி. தொழில் செய்கிறவர்கள் போட்ட கூச்சலில் அதே வருடம் ஓகஸ்டில் அதை எடுத்துவிட்டு ‘ட்ரோன் விதிகள் 2021’ என்று புதிதாக வெளியிட்டார்கள். 25 படிவங்கள் 5 ஆகின. 72 வகைக் கட்டணங்கள் 4 ஆகின. தண்டப் பணத்தின் உச்சத்தை ஒரு இலட்சம் இந்திய ரூபாவாக வைத்தார்கள். ஒரு அரசாங்கம் தான் போட்ட முடிச்சை ஐந்து மாதத்தில் தானே அவிழ்ப்பதை நமது பக்கத்தில் அடிக்கடி காண முடியாது. அதனால்தான் இலக்கத்தோடு எழுதுகிறேன்.

அந்த விதியில் எனக்குப் பிடித்த அம்சம் வரைபடம். நாடு முழுவதையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்து இணையத்தில் போட்டார்கள். பச்சையில் 400 அடி வரை யாரிடமும் பறப்பு அனுமதி கேட்கத் தேவையில்லை. மஞ்சளில் கேட்க வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. விமான நிலைய எல்லையிலிருந்து 12 கிலோமீற்றர் வரை மஞ்சள் வட்டம். அதிலும் 8 முதல் 12 கிலோமீற்றர் வரையான வெளிப்பகுதியில் 200 அடிக்குக் கீழே சுதந்திரம். இதே அளவை நமது மாவட்டத்தில் போட்டுப் பாருங்கள். 2018 இல் சிவில் சேவைக்குத் திறந்த மட்டக்களப்பு விமான நிலையத்தை நடுவில் வைத்து வட்டம் கீறினால் மட்டக்களப்பு நகரம் முழுவதும் உள்ளே விழும். ஏறாவூர் ஏறக்குறைய விளிம்பில் நிற்கும். எந்த இடத்தில் எது கூடும், எது கூடாது என்று யாரையும் கேட்காமல் ஒரு வியாபாரி தானே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வியாபாரம் செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி எது?

எடையையும் ஐந்தாகப் பிரித்தார்கள். 250 கிராம் வரை, 2 கிலோ வரை, 25 கிலோ வரை, 150 கிலோ வரை, அதற்கு மேல். ஓட்டுநர் சான்றிதழ் எடுக்க 18 வயதும் பத்தாம் வகுப்புச் சித்தியும், அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் பயிற்சியும் போதும். பட்டப்படிப்புக் கேட்கவில்லை. என்னைப் போல் பள்ளிக்கூடத்தோடு கடைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்குப் போகலாம் என்பது இதன் பொருள். ஆகச் சிறிய வகையைத் தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம், மோட்டார் வாகனத்துக்கு இருப்பது போல. அதை வழமையான காப்புறுதியில் எடுப்பதா, தகாபுலில் எடுப்பதா என்பது நமது நாட்டில் வரும்போது அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம். ஆனால் வேறொருவர் வீட்டுக் கூரையில் விழுந்தால் யார் ஓடு வாங்கிக் கொடுப்பது என்பதை விதியே சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. 2022 பெப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்தார்கள். உள்ளூர்த் தயாரிப்பை வளர்க்க என்று காரணம். வியாபாரியின் கண்ணுக்கு, ஓட்டுவதற்குச் சுதந்திரம் தந்து வாங்குவதற்குத் தடை போட்ட மாதிரித்தான் தெரிகிறது. உதிரிப் பாகங்களை விட்டுவைத்தார்கள் என்பது ஒரு ஆறுதல்.

வாவியின் அக்கரை

இனி நமக்கு மிகவும் பொருத்தமான ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி, வடகிழக்கு இந்தியாவின் மணிப்பூர் மாநிலத்தில், பிஷ்ணுபூர் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து கொரோனா தடுப்பூசியை ஏற்றிக்கொண்டு ஒரு ட்ரோன் கிளம்பியது. போக வேண்டிய இடம் லோக்டாக் ஏரிக்குள் இருக்கும் கராங் என்ற தீவு. தரையால் போனால் 26 கிலோமீற்றர். வானத்தால் 15 கிலோமீற்றர். 12 முதல் 15 நிமிடத்தில் மருந்து இறங்கியது. அன்று அங்கே ஊசி போட இருந்தவர்கள் 18 பேர்தான்.

பதினெட்டுப் பேருக்காக ஒரு நாடு இத்தனை ஆயத்தம் செய்ததா என்று சிரிக்கலாம். ஆனால் ஏரியை மட்டக்களப்பு வாவியாக மாற்றி வாசித்தால் சிரிப்பு வராது. 56 கிலோமீற்றர் நீளமான வாவி நமது மாவட்டத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாக வைத்திருக்கிறது. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கும் வரைக்கும் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக வேண்டியவர்கள் ‘பாதை’க்காகக் கரையில் காத்து நின்ற காலம் இன்னும் மறக்கவில்லை. (வெளியூர் வாசகர்களுக்காக: நமது பகுதியில் ‘பாதை’ என்றால் றோட் அல்ல, ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போவோருக்கு அந்தக் காத்திருப்பு நன்றாகத் தெரியும். மாரி பிறந்து கிரான் – புலிபாய்ந்தகல் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் அந்தப் பக்கத்துக்குத் தோணிதான் கதி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்டபோது, துண்டித்துப் போன ஊர்களுக்குச் சாப்பாடும் மருந்தும் ஹெலிகொப்டரில்தான் போயின. இரண்டு கிலோ மருந்துக்கும் ஹெலிகொப்டர் கிளப்ப வேண்டிய நிலை.

ஆனால் இந்த இடத்தில் வியாபாரக் கணக்கையும் பேச வேண்டும். கல்யாணப் படம் பிடிக்கும் என் மருமகன் ஒரு நாள் கடையில் இருந்துகொண்டு, “மாமா, நாம ஒரு ட்ரோனை எடுத்துக் கரடியனாறு, பங்குடாவெளிப் பக்கத்துக் கடைகளுக்கு ஓடர் அனுப்பினா என்ன?” என்றான்.

“உன்ட ட்ரோன் எத்தன கிலோ தூக்கும் மகன்?” என்று கேட்டேன்.

“அது... அதுட கமராவத் தூக்கும் மாமா.”

விநியோகத்துக்கென்றே செய்த ட்ரோன்கள்கூட, இன்று உலகத்தில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை, தூக்குவது சில கிலோதான். அரிசி மூடை, சீனி மூடை, தேங்காய் எண்ணெய் வாளி என்று நமது ஏறாவூர்க் கடைகள் படுவான்கரைக்கு அனுப்பும் சரக்கில் ஒன்றும் இதில் ஏறாது. அதற்கு லொறியும் லேண்ட் மாஸ்டரும்தான் என்றைக்கும். கொஞ்ச எடை, கூடிய பெறுமதி, மிகுந்த அவசரம். மூன்றும் சேர்ந்த சரக்குக்குத்தான் வானம் கட்டுப்படியாகும். மருந்து, இரத்தம், பரிசோதனைக்கு அனுப்பும் மாதிரிகள், அறுவடை நேரத்தில் உடைந்துபோன மெஷினின் ஒரு சின்னப் பாகம், கையெழுத்துக்குப் போகும் ஒரு பத்திரம். இந்தியத் தபால் திணைக்களம் 2022 மே மாதத்தில் குஜராத்தின் கச்சுப் பகுதியில் 46 கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு பார்சலை 25 நிமிடத்தில் அனுப்பிப் பார்த்தது; அதற்குள் இருந்ததும் மருந்துதான்.

ருவண்டாவின் உதாரணம் இதை இலக்கத்தால் நிரூபிக்கிறது. அங்கே சிப்லைன் நிறுவனம் 2016 ஒக்டோபரில் ஆஸ்பத்திரிகளுக்கு இரத்தம் அனுப்பத் தொடங்கியது. மலையும் மழையும் நிறைந்த நாடு. ஒவ்வொரு சிறிய ஆஸ்பத்திரியும் எல்லா வகை இரத்தத்தையும் குளிரில் வைத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. காலாவதியாகி வீசுவதும் நடந்தது. ட்ரோன் வந்தபின், ஒரு வருடத்தில் அப்படிக் காலாவதியாகும் இரத்தம் 67 சதவீதம் குறைந்ததாக 2022 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கடைக்காரர்களுக்கு இது உடனே புரியும். சரக்கு வேண்டியபோது அரை மணித்தியாலத்தில் வருமென்றால் யார் ஸ்டோரை நிரப்பி வைத்துக் காசை முடக்குவார்? ருவண்டா அரசு எழுதிய விதியின் தத்துவமும் எளிமையானது. இன்ன மொடல் மெஷின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. எங்கே, எதை ஏற்றி, யாருடைய தலைக்கு மேலால் பறக்கப் போகிறாய், விழுந்தால் என்ன ஆபத்து என்று கேட்டு, ஆபத்துக்கு ஏற்ற நிபந்தனையைப் போட்டது.

நமது நாட்டுச் சட்டம்

இலங்கையில் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமான சேவைகள் சட்டத்தின் கீழ் சிவில் விமான சேவைகள் அதிகார சபைதான் வானத்துக்குப் பொறுப்பு. அந்தச் சபை ஆளில்லா விமானங்களுக்கென நடைமுறைத் தரம் ஒன்றை வெளியிட்டு, எடையின்படி நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. 25 கிலோவும் அதற்கு மேலும் ‘ஏ’. ஒரு கிலோ முதல் 25 கிலோவுக்குள் ‘பி’. 200 கிராம் முதல் ஒரு கிலோவுக்குள் ‘சி’. அதற்குக் கீழே ‘டி’. கல்யாண வீட்டு ட்ரோன்கள் பெரும்பாலும் ‘சி’. கடையில் 249 கிராம் என்று பெருமையாகச் சொல்லி விற்கும் சின்ன ட்ரோனும் நம் நாட்டில் ‘சி’தான். இந்தியாவின் ஆகச் சிறிய வகையில் அது அடங்கும் என்று இணையத்தில் வாசித்துவிட்டு, இங்கேயும் பதிவு தேவையில்லை என்று நம்பாதீர்கள். சாமான் சுமக்கும் ட்ரோன் என்றால் அநேகமாக ‘பி’க்குள் வரும்.

பதிவு ஒரு காரியம், பறப்பதற்கான அனுமதி இன்னொரு காரியம், இறக்குமதி மூன்றாவது காரியம். இறக்குமதியில் பாதுகாப்பு அமைச்சும் இருக்கிறது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது. ரிமோட் வானொலி அலையில் வேலை செய்கிறதல்லவா. படம் பிடிக்கிறவர்களையும் வயலுக்கு மருந்து தெளிக்கிறவர்களையும் மனதில் வைத்து ஓடும் ஒழுங்கு இது. ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குத் தினமும் நாலு தடவை பறப்பதைத் தொழிலாகச் செய்யப் போகிறவனுக்கு ஏற்ற வாசல் இன்னும் அகலமாகத் திறக்கவில்லை.

இந்த இறுக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. முப்பது வருட யுத்தம் கண்ட நாடு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்து நான்கு நாட்களில், மறு அறிவித்தல் வரை ட்ரோன் பறப்பு முழுவதையும் அதிகார சபை இடைநிறுத்தியது. அனுமதி முறை திரும்பியது பிற்பாடுதான். கல்யாணப் படக்காரர்களின் வருமானம் ஒரே அறிவித்தலில் நின்றது. அரசு சொன்ன பாதுகாப்புக் காரணத்தை மறுக்க முடியாது. ஆனால் ஒரே அறிவித்தலில் நின்றுபோகக்கூடிய தொழிலில் வங்கிக் கடன் எடுத்து முதல் போடலாமா என்பதை ஒவ்வொரு வியாபாரியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2019க்குப் பிறகு நமது சமூகத்து வாலிபன் ஒருவன் கையில் ரிமோட்டோடு வாவிக்கரையில் நின்று வானத்தைப் பார்த்தால், அதைப் பார்க்கிறவர் மனதில் என்ன ஓடும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. இந்தக் கரையில் வியாபாரம் செய்தவர்களுக்குப் பழைய அனுபவமும் உண்டு. யுத்த காலத்தில் பற்றரி, சீமெந்து, பசளை, எரிபொருள் என்று அக்கரைக்கு எது போகலாம், எது போகக் கூடாது என்பது சோதனைச் சாவடியில் நிற்கிறவரின் வாயில் இருந்தது. காலையில் போன சரக்கு மாலையில் திரும்பி வரும். அந்தக் காலத்தில் எங்களுக்கு நட்டம் தந்தது தடையை விட, தடை எது என்று தெரியாமல் இருந்ததுதான்.

ஆகவே ‘விதியை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்பது நமக்கு நல்லதல்ல. ‘விதியைத் தெளிவாக எழுதித் தாருங்கள்’ என்று கேட்பதே நல்லது. எங்கே பறக்கலாம் என்ற வரைபடம், எடைக்கு ஏற்ற கட்டணம், விண்ணப்பித்தால் எத்தனை நாளில் பதில், மறுத்தால் காரணம். பொலிஸ்காரர் கேட்டால் நீட்டக்கூடிய ஒரு பத்திரம். விண்ணப்பமும் விதியும் தமிழிலும் கையில் கிடைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம்தான். செல்வாக்குள்ளவனுக்கு எழுதாத விதியும் வளைந்து கொடுக்கும். ஒரு தொலைபேசி அழைப்பில் காரியம் முடியாதவனுக்குத்தான் எழுதிய விதி தேவை.

விதி எழுதும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, யாரால் உள்ளே வர முடியும் என்பது. அமெரிக்கா ஆரம்பத்தில் செய்தது போல் விமானக் கொம்பனி அளவுக்கு முதலும் ஆவணமும் கேட்டால், கொழும்பில் இருக்கும் இரண்டொரு பெரிய நிறுவனங்கள் அனுமதியை எடுத்து வைத்துக்கொள்ளும். நமதூர்ப் பாமசிக்காரர் அவர்களிடம் கூலி கொடுத்து அனுப்ப வேண்டி வரும். முச்சக்கர வண்டியில் மருந்துப் பொதி ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவனின் கூலியும் அங்கே போய்விடும். அவனுக்கே பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, நாலு கடைக்காரர்கள் கூட்டாக ஒரு மெஷின் வைத்துக்கொள்ள விதி இடம் தந்தால் கதை வேறு.

முற்றத்துக்கு மேலே

வீட்டுக்கு வீடு ட்ரோன் என்ற கனவு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஏறாவூரில் வீடுகள் நெருக்கம். மதிலுக்குப் பின்னால் கிணற்றடியும் முற்றமும் பெண்களுக்கு உரிய இடம். அதற்கு மேலால் கமரா பூட்டிய சாமான் நாளுக்குப் பத்துத் தரம் பறந்தால் முதலாவது வாரமே கல்லெறி விழும். பாதை பார்க்கத்தான் கமரா என்று சொல்லி யாரையும் சமாதானப்படுத்த முடியாது.

இது நமது ஊருக்கு மட்டும் உரிய கூச்சம் என்று நினைக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவின் கன்பராவில் பொனைத்தன் என்ற குடியிருப்பில் 2018 இல் விங் பரீட்சார்த்தமாகப் பறந்தபோது, சத்தம் தாங்க முடியவில்லை என்று குடியிருப்பாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கொலேஜ் ஸ்டேஷன் மக்களும் அமேசனின் இரைச்சலைப் பற்றி முறைப்பாடு செய்தார்கள். 2021 இல் கன்பராவின் இன்னொரு பகுதியில் அண்டங்காக்கைகள் கூடு கட்டும் காலத்தில் ட்ரோனைக் கொத்தத் தொடங்கி, சேவையையே நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. நமது மீன் சந்தைக் காகங்களை நினைத்துப் பார்த்தேன். அனுமதிப் பத்திரத்தைக் காட்டினாலும் அவை விடப் போவதில்லை!

ஷென்ஜெனில் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். ட்ரோன் வீட்டுக்கு வராது. குறித்த இடத்தில் பூட்டுப் போட்ட பெட்டகம் ஒன்றில் பொதியை வைத்துவிட்டுத் திரும்பும். வாடிக்கையாளர் வந்து எடுத்துக்கொள்வார். நமக்கும் இதுதான் சரி. போதனா வைத்தியசாலையிலிருந்து அக்கரையில் ஒரு கிராமிய வைத்தியசாலையின் வளவுக்கு, வாவிக்கு மேலாலேயே ஒரு வழி. தண்ணீருக்கு மேல் பறந்தால் விழுந்தாலும் ஆள் தலையில் விழாது, யாருடைய முற்றமும் தெரியாது. மலாவி நாட்டில் 2017 இல் யுனிசெப் அமைப்பும் அரசும் சேர்ந்து ட்ரோனுக்கென்றே ஒரு வான்வழியை ஒதுக்கிப் பரீட்சித்துப் பார்த்தன. வனுவாட்டுத் தீவுகளில் 2018 டிசம்பரில் றோட்டே இல்லாத ஒரு குடாவுக்கு, ஏறக்குறைய 40 கிலோமீற்றர் பறந்து தடுப்பூசி போனது. அவற்றைவிடச் சிறிய தூரம்தான் நமது வாவி.

குறை ஒன்றையும் மறைக்கக் கூடாது. நமக்கு இது மிகவும் தேவைப்படும் காலம் நவம்பர் முதல் ஜனவரி வரையான வாடைக் காலம். சிறிய ட்ரோன்களுக்குக் காற்றும் மழையும் ஆகாத காலமும் அதுவேதான். வெள்ளத்தில் மீட்புக்கு ஹெலிகொப்டர் வந்துவிட்டால் அந்த வானத்தை விட்டு ட்ரோன் விலகவும் வேண்டும். ஆகவே பாலத்துக்கும் பாதைக்கும் பதிலாக ட்ரோன் என்று யாராவது கூட்டத்தில் பேசினால் கை தட்டாதீர்கள். கிரான் பாலம் தேவைதான். குருமண்வெளிக்கும் பாலம் தேவைதான்.

மருமகன் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறையில் வரும் மச்சானிடம் சொல்லித் துபாயிலிருந்து பயணப் பெட்டிக்குள் ட்ரோன் கொண்டுவரச் சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் கட்டுநாயக்கவில் இறங்கினால் சுங்கத்தினர் தடுத்து வைப்பார்கள். மச்சானின் விடுமுறையில் பாதி கொழும்புக் கந்தோர்களில் போய்விடும். முதலில் இங்கிருந்து விண்ணப்பியுங்கள். கடிதம் வந்த பிறகு அங்கே காசைக் கொடுங்கள். வாங்கும் கடையில் மெஷினின் தொடர் இலக்கம் தெளிவாக எழுதிய பற்றுச்சீட்டை வாங்கச் சொல்லுங்கள். பதிவுக்குப் போகும்போது அதைக் கேட்பார்கள்.